போர்டிகோ தளம் பழுதுபார்த்து நான்கு மழைக்காலம் ஆயிற்று

2021 ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்க மழை. காலையில் எழுந்து பார்த்தால், மாமியார் கீரை ஆய உட்காரும் இடத்தில், போர்டிகோ தளத்திலிருந்து காரை பெயர்ந்து விழுந்து கிடந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கத்தில் கம்பி பதிந்திருந்த பள்ளம் அப்படியே தெரிந்தது, பள்ளம் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. ஒரு மணி நேரம் கழித்து விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

எங்கள் வீடு சேலம் அழகாபுரத்தில், 1993-ல் கட்டியது. இதே இடம் 2019-லும் பெயர்ந்தது. அப்போது தெரிந்த கொத்தனார் ஒருவர் தொங்கிய காரையைத் தட்டிவிட்டு, கலவை பூசி, வெள்ளையடித்து, ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். ஆறாயிரம் ரூபாய். இரண்டு வருடம் கழித்து விழுந்தது அவர் பூசியதுதான். கம்பியில் துரு இருக்கும்போது மேலே எதைப் பூசினாலும் நிற்காது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து ஊதி, கான்கிரீட்டைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும்.

அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. வந்து பார்த்தவர்களில் இரண்டு பேர் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்து அங்கேயே விலை சொன்னார்கள். நாங்கள் வேலை கொடுத்த கான்ட்ராக்டர் ஏணி போட்டு ஏறி, சின்னச் சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டினார். நல்ல இடத்தில் ‘ணங்’ என்று கேட்டது. காரை ஒட்டு விட்டுப்போன இடத்தில் ‘டொப்’ என்று பொத்தலான சத்தம். டொப் கேட்ட இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். கண்ணுக்கு ஒரே ஒரு ஓட்டைதான் தெரிந்தது, வட்டமோ பதினொன்று. பிறகு மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கே வேப்பிலை அடைத்துத் தண்ணீர்க் குழாய் மூடியிருந்தது, ஓடுகளின் சந்தில் பாசி பிடித்திருந்தது. “அக்கா, நோவு மேல இருக்குதுங்க. கீழ மட்டும் பார்த்தா ரெண்டு மழைக்குத்தான் தாங்கும்” என்றார்.

போர்டிகோ ஒன்றரைச் சதுரம் (ஒரு சதுரம் என்றால் நூறு சதுர அடி), சதுர அடிக்கு 420 ரூபாய். மாடியில் நான்கு சதுரம், சதுர அடிக்கு 140. மொத்தம் 1,19,000. முதலில் பாதிப் பணம் கேட்டார். நான் முப்பது சதவீதம் கொடுத்தேன். கொத்தி முடித்துக் கம்பியைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த தவணை, கடைசிப் பத்து சதவீதம் முதல் மழை பெய்த பிறகு என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முகம் சுளிக்காமல் போட்டார்.

வேலை 2022 தை, மாசியில். சேலத்துக்கு அதுதான் சரியான நேரம்: மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. முட்டுக் கொடுத்துவிட்டு மூன்று நாள் கொத்தினார்கள். வீடெல்லாம் தூசி. ஆனால் இந்த வேலையின் உயிரே அந்த மூன்று நாள்தான் என்று இப்போது நம்புகிறேன். கம்பியின் அடிப்பக்கம் தெரிந்தால் போதாது, பின்னால் விரல் நுழைந்து சுற்றி வர வேண்டும் என்று மேஸ்திரி ஒவ்வொரு இடத்திலும் விரலை விட்டுப் பார்த்தார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்ததும் இரண்டு கம்பிகள் இளைத்திருந்தது தெரிந்தது. எட்டு மில்லி கம்பி ஆறு மில்லிதான் இருந்தது. கேட்க ஏதோ இரண்டு மில்லிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் கம்பியின் பலத்தில் பாதிக்குப் பக்கம் போயிருக்கிறது. அங்கே புதுக் கம்பி வைத்து, இரண்டு பக்கமும் நாற்பது சென்டிமீட்டர் பழைய கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். பிறகு துருத்தடுப்பு பிரைமர், பழைய கான்கிரீட்டோடு புதுக் கலவை ஒட்டிப் பிடிக்க ஒட்டுப் பால், அதன் மேல் பாலிமர் கலவை. ஒரேயடியாக அப்பாமல் அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்றினார்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பே கம்பியைத் தின்னும் என்று, கலவைக்கு மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதத்துக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

மாடியில் பழைய ஓடுகளைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, கைப்பிடிச் சுவர் ஓரத்தை உருட்டிப் பூசி, வாட்டர்புரூஃப் பூச்சு அடித்து, பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். கீழே ஓதம் இல்லை. அப்புறம்தான் ஓடு பதித்தார்கள்.

இந்த ஐப்பசியோடு நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது. போர்டிகோ தளத்தில் ஒரு சொட்டு இல்லை. ஒவ்வொரு தையிலும் நானே அதே மாதிரி சுத்தியலால் தட்டிப் பார்க்கிறேன். எல்லா இடமும் ணங். சுவரோடு தளம் சேரும் மூலையில் மட்டும் மயிரிழை விரிசல் ஒன்று. மூன்று வருடமாக வளரவில்லை, பென்சிலால் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் அதே கான்ட்ராக்டரிடம் ஒரு வேலையில் ஏமாந்தேன், அதையும் சொல்லியே ஆக வேண்டும். போர்டிகோ நன்றாக வந்த நம்பிக்கையில், கார் நிறுத்தும் தரைக்கும் மேலே புதுக் கலவை போடச் சொன்னேன். 18,000 ரூபாய். தாளில் எழுதவில்லை, பணத்தையும் வேலை முடிந்த அன்றே கொடுத்துவிட்டேன். பங்குனி வெயில். வேறு ஆட்கள் வந்தார்கள். பழைய தரையில் ஸ்கூட்டர் எண்ணெய்க் கறை இருந்தது, அதைக் கொத்தவும் இல்லை, கழுவவும் இல்லை. சிமெண்ட் பால் தெளித்து ஒரு அங்குலம் கலவை போட்டுத் தேய்த்தார்கள். மூன்று நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார்கள். வெயில் காலத்தில் பத்து நாளாவது ஈரம் காய விடக்கூடாது என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-லேயே இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஆறே மாதத்தில் கேட் பக்கம் டொப் கேட்டது. வருடம் திரும்புவதற்குள் அப்பளம் மாதிரி மேலே எழும்பி உடைந்தது. ஒரு முறை வந்து ஒட்டுப்போட்டார். அதுவும் போன பிறகு போனை எடுப்பதில்லை. மூன்று நாள் கொத்தத் தெரிந்த மனிதர், தரைக்கு ஒரு மணி நேரம் கொத்த மனம் வைக்கவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

வரும் தையில் அந்தத் தரையை முழுசாகப் பெயர்க்கப் போகிறோம். வேறு மேஸ்திரியிடம் பேசியாயிற்று. அடியில் உள்ள விரிசல் தரையையும் எடுத்துவிட்டு நான்கு அங்குலத்துக்குப் புதுக் கான்கிரீட், மேலே பாத்தி கட்டி ஈரச் சாக்கு. கடைசித் தவணை பதினோராம் நாள். தாள் பீரோவில் இருக்கிறது, இரண்டு கையெழுத்தோடு.