ஸ்கிரீனைச் சுற்றி வந்ததும் பந்து யாரிடம் போக வேண்டும்: ஆறு வாரக் கூடைப்பந்து வகுப்பு

பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் இடத்தில் ஆடும் பிள்ளை வீட்டில் இருக்கிறதா? கோவையில் என் மகள் போய்வந்த காலை வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

முன்பு போன இடத்தில் ஒரு வருடம் கூம்புகளைச் சுற்றி டிரிபிள் செய்ததுதான் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) மிச்சம். மேட்சில் தோழி வந்து ஸ்கிரீன் போடுவாள், அதாவது இவளைத் தடுப்பவளின் வழியில் அசையாமல் நிற்பாள், இவள் சுற்றி வருவாள், அதற்குள் இரண்டு பேர் மறித்துக்கொள்வார்கள், பந்து பறிபோகும். காலரியில் உட்கார்ந்து பார்க்கவே மனசு தாங்காது.

இங்கே முதல் வாரமே இரண்டுக்கு இரண்டு. சார் பந்து வைத்திருப்பவளுக்குப் பின்னால் நின்று, தடுப்பவர்களுக்கு மட்டும் விரலைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் ஸ்கிரீன் போட்டவளைக் காப்பவள் ரிங் பக்கம் பின்வாங்க வேண்டும். இரண்டு விரல் என்றால் ஏறி வந்து இருவருமாக மறிக்க வேண்டும். எது வரும் என்று என் மகளுக்குத் தெரியாது. பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பின்வாங்கினால் அவசரப்படாமல் இன்னும் இரண்டு டிரிபிள் உள்ளே போய், அவளைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, ஸ்கிரீன் போட்டுவிட்டு ரிங்கை நோக்கி ஓடும் தோழிக்குத் தலைக்கு மேல் லாப் (உயரத் தூக்கிப் போடும் பாஸ்). ஏறி வந்தால், இருவரும் சேர்வதற்குள் நடுவில் இருக்கும் சந்தில் பாக்கெட் பாஸ், தரையில் ஒரு தட்டுத் தட்டி அவளிடம் போவது.

அந்த பாஸுக்காகவே சிமென்ட் தரையில் சாக்பீஸால் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். பந்தை இரண்டு கையால் பிடிக்கக் கூடாது. பிடித்தால் தடுப்பவள் உஷாராகிவிடுவாள். டிரிபிள் செய்யும் கையாலேயே அப்படியே தள்ள வேண்டும். வட்டத்தில் பட்டால் ஓடுபவளின் இடுப்புக்கு எழும்பும். முதலில் தோழியின் காலில்தான் பட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் வாரம் வட்டத்தைப் பார்க்காமலே போட்டாள். கண் கார்னரில், அதாவது மைதானத்தின் மூலையில் இருந்தது. அங்கிருந்து உதவிக்கு ஒருத்தி உள்ளே வந்தால் பந்து நேராகக் கார்னருக்குப் போக வேண்டும் என்பது அடுத்த பாடம்.

ஒருநாள் ஸ்டாக்டன், மலோன் வீடியோ போட்டுக் காட்டினார்கள். யூட்டா ஜாஸ் அணிக்காக இருவரும் 18 சீசன் சேர்ந்து ஆடியவர்கள். ஸ்டாக்டனின் 15,806 அசிஸ்ட்டை (தோழர் கூடை போட உதவிய பாஸ்) அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் இன்னும் யாரும் தாண்டவில்லை. அதைப் பார்த்த பிறகு வீட்டுச் சுவருக்கு ஓய்வே இல்லை.

குறையும் உண்டு. இரண்டு ரிங்குக்கு இருபது பிள்ளைகள். பாதி நேரம் வரிசையில் நிற்கிறார்கள். முதல் வாரம் பெண் பிள்ளைகளுக்கும் 7ஆம் நம்பர் பந்தைக் கொடுத்தார்கள். மேட்சில் ஆடுவது 6ஆம் நம்பர். ஒற்றைக் கை பாஸுக்கு அந்த வித்தியாசம் பெரியது. கேட்டதும் மாற்றினார்கள். இடது கை பாஸ் கடைசி வாரம்தான் வந்தது, அது ரொம்பத் தாமதம்.

3,500 ரூபாய் கொடுத்தது சரிதான் என்பேன். அடுத்த பேட்ச்சிலும் சேர்த்துவிட்டேன், இடது கையை முதல் நாளே தொடங்கச் சொல்லி.