தானியமில்லாப் பீட்சாவுக்கு எந்த மாவு?

சிங்கப்பூர்க் கடைகளில் தானியமில்லாப் பீட்சாவுக்கு எளிதில் கிடைப்பவை பாதாம் மாவு, மரவள்ளி மாவு, தேங்காய் மாவு. தனியாக எதுவும் தேறாது. வெறும் பாதாம் பிஸ்கட் போல நொறுங்கும், வெறும் மரவள்ளி ரப்பர் போல இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கையில் எடுத்துக் கடிக்கத்தக்க பீட்சா வரும். தேங்காய் மாவை விட்டுவிடலாம். ஊற்றும் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, வெந்தபின் புட்டு மாதிரி உதிரும்.

பாதாம் மாவு தோல் நீக்கி நைசாக அரைத்ததாக இருக்கவேண்டும். பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் தோலோடு அரைத்தது. தேய்க்கும்போதே ஓரம் விண்டுபோகும். பிரித்த பாக்கெட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இங்குள்ள சூட்டில் வெளியே கிடந்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துவிடும். விலை மரவள்ளியைப்போலப் பல மடங்கு என்பதால் கெட்டுப்போனால் வயிறு எரியும்.

மரவள்ளியில் ஒரு குழப்பம் உண்டு. பேரங்காடியில் ‘டேபியோகா ஃபிளவர்’ என்று மலிவாகக் கிடைப்பது கிழங்கின் ஸ்டார்ச் மட்டுமே. முழுக் கிழங்கை அரைத்த ‘கசாவா’ மாவு வேறு. அதற்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும். கீழுள்ள அளவு ஸ்டார்ச்சுக்கானது.

25 செ.மீ. வட்டத்துக்கு: பாதாம் மாவு 150 கிராம், மரவள்ளி 60 கிராம், இசப்கோல் (சைலியம்) உமி 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, முட்டை 1, ஆலிவ் எண்ணெய் 1 மேசைக்கரண்டி, தண்ணீர் சுமார் 45 மி.லி. பிசைந்து 15 நிமிடம் மூடி வையுங்கள். கோதுமையில் உள்ள ஒட்டும் புரதமான குளூட்டன் இல்லாத இந்த மாவை இசப்கோல்தான் கட்டிப்பிடிக்கிறது; அது ஊறாவிட்டால் நடுவில் பிளக்கும். இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவே 5 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, ஓவனில் 200 டிகிரியில் (விசிறி உள்ள ஓவனானால் 180) கீழ்த்தட்டில் 12 நிமிடம், திருப்பிப் போட்டு 3 நிமிடம். பாதாம் சீக்கிரம் சிவக்கும், ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மேற்பொருளைப் பச்சை மாவிலேயே பரப்புகிறவர்களுக்குத்தான் நடுப்பகுதி களியாகிறது.

மேலே போட, நம் ஊருக்குப் பொருந்துவது அன்னாசியும் இக்கான் பிலிசும் (நெத்திலிக் கருவாடு). அன்னாசித் துண்டுகளை எண்ணெய் விடாமல் சட்டியில் சுண்ட வறுத்தால்தான் சாறு விடாது. பெரிய வெங்காயம் இரண்டைச் சிறு தீயில் 30 நிமிடம் பொன்னிறமாக வதக்குங்கள். தக்காளிச் சாந்து மெல்லிய பூச்சு போதும். மொசரெல்லா, வெங்காயம், அன்னாசி, பச்சை மிளகாய் பரப்பி இன்னும் 8 நிமிடம். பொரித்த இக்கான் பிலிஸ், குலா மலாக்கா (பனைவெல்லம்) பாகு இரண்டும் வெளியே எடுத்த பிறகே. ஓவனுக்குள்ளே போனால் கருகிக் கசக்கும்.

இந்த மாவில் பேக்கிங் பவுடர் இல்லை; சேர்ப்பதானால், தானியத்தை முற்றிலும் தவிர்ப்பவர்கள் அதன் லேபிளையும் படிக்கவேண்டும். பெரும்பாலும் சோள ஸ்டார்ச் இருக்கும். துருவி விற்கும் சீஸிலும் சில சமயம் உண்டு. சாந்தில் பெருங்காயம் சேர்ப்பவர்களுக்கு: கூட்டுப் பெருங்காயத்தில் பல சமயம் கோதுமை மாவு கலந்திருக்கும்.

ஆறினால் மரவள்ளி விறைக்கும். மிஞ்சியதை மைக்ரோவேவில் வைக்காமல் தோசைக்கல்லில் 3 நிமிடம், மூடாமல் சூடாக்குங்கள்.