பேரிஜம் ஏரிக்கு மலை நடை என்று 22,400 ரூபாய் போச்சு: மீன்பிடித் தடைக்காலத்தில் டூர் கிளம்புகிறவர்கள் அவசியம் படிக்கவும்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து 14 பேர், தலைக்கு 1,600 ரூபாய், மொத்தம் 22,400 ரூபாய். "கொடைக்கானல் பேரிஜம் ஏரிக்கு ஒரு நாள் மலை நடை" என்று போனில் விளம்பரம் ஓட்டுகிற ஒரு டிரெக்கிங் பக்கம் வாங்கிக்கொண்டது. ஏரியை எட்ட நின்றுகூட யாரும் பார்க்கவில்லை. ஒரு ரூபாய் திரும்பவில்லை. பெயரைப் போட்டுப் பயனில்லை, நாளைக்கே வேறு பெயரில் பக்கம் திறப்பார்கள். அவர்கள் ஏமாற்றுகிற விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், அதுதான் முக்கியம்.

குறி வைப்பது நம் கடற்கரையைத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், பிள்ளைகளுக்கும் லீவு. "தடைக்கால ஸ்பெஷல், மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை" என்று ஊர்ப் பெயர் போட்டே விளம்பரம் வந்தது. வேன் நம்முடையது. அவர்கள் தருவதாகச் சொன்னது வழிகாட்டி, வனத்துறை அனுமதி, இரண்டு வேளைச் சாப்பாடு, குளிருக்கு ஜாக்கெட், அட்டைப்பூச்சி கடிக்காமல் காலுறை. பேரிஜம் காட்டுப் பாதை தொடங்குகிற மோயர் பாயிண்டிலிருந்து ஏரிக்குப் போக 12, வர 12, ஆக 24 கிலோமீட்டர் நடை, ஏரியில் குளியல் வேறு.

நம்ப வைத்த விதத்தைக் கேளுங்கள். எடுத்தவுடன் பணம் கேட்கவில்லை. "யாருக்காவது ஆஸ்துமா, பிரஷர் இருக்காண்ணே? மருந்து மாத்திரை எடுத்துக்கிடச் சொல்லுங்க" என்று பதமாகப் பேசினார்கள். வேன் நம்பர், டிரைவர் செல் நம்பர், ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் வாங்கினார்கள். அரை மணி நேரத்தில் கியூஆர் குறியீட்டோடு ஒரு அனுமதிச் சீட்டு வந்தது. வேன் நம்பர் சரி, தேதி சரி, அரசு முத்திரையும் இருக்கிறது. "வனத்துறை பர்மிட் ரெடி, தலைக்கு 300 அதுக்குத்தான் போச்சு" என்றார்கள். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மீதிப் பணமும் போனது.

அது வனத்துறைச் சீட்டே இல்லை. கொடைக்கானலுக்கு வண்டி ஏறுவதற்கான இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறையில் இருக்கிறது. வண்டி நம்பரும் செல் நம்பரும் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் போனிலேயே எடுக்கலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. அந்த இலவசச் சீட்டுக்கு 14 பேரிடம் 4,200 ரூபாய்! 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. அதைச் சொல்லியே, "ஞாயித்துக்கிழமை பாஸ் கிடைக்காது, செவ்வாய்க்கிழமை வாங்கண்ணே, கூட்டமே இருக்காது" என்று தேதியையும் அவர்களே குறித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பேரிஜத்துக்கு விடுமுறை. வனத்துறை அன்றைக்கு எந்த வண்டியையும் உள்ளே விடாது. பேரிஜம் டூர் நடத்துகிறேன் என்று சொல்கிற எவனுக்கும் இது தெரியாமல் இருக்காது. ராத்திரி 9 மணிக்கு மண்டபத்தில் கிளம்பி, ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை, வத்தலக்குண்டு வழியாக 260 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, காட் ரோட்டில் பிள்ளைகள் வாந்தி எடுத்து, கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறிப் போய்க் குளிரில் நின்றால், வழிகாட்டியும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை. வனத்துறைக் காவலர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது ஊருக்குள்ள வர்றதுக்கு. காட்டுக்குள்ள போறதுக்கு இல்ல. நாளைக்கு வந்தாலும் நடந்து போக விட மாட்டோம்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. மதிகெட்டான் சோலை வழியாகப் போகிற அந்தக் காட்டுப் பாதையில் யானையும் காட்டெருமையும் நடமாட்டம். அனுமதி வாங்கிய வண்டிகள் மட்டும், அதுவும் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு, காலை 9.30 வாக்கில் உள்ளே போய்ப் பிற்பகல் 3 மணி வாக்கில் வெளியே வந்துவிட வேண்டும். 24 கிலோமீட்டரை மலையில் மணிக்கு 3 என்று நடந்தாலே 8 மணி நேரம். அந்த ஐந்தரை மணி நேரத்துக்குள் எப்படி அடங்கும்? குளியலும் பொய். பெரியகுளத்துக்குக் குடிநீர் போகிற ஏரியில் யாரையும் இறங்க விடமாட்டார்கள்.

பிறகு நடந்தது எரிச்சலின் உச்சம். முதல் போனுக்கு, "ரேஞ்சர்கிட்ட பேசிட்டேன், பத்து நிமிஷம்." அடுத்து, "வழிகாட்டிக்கு டவர் இல்ல." மதியத்துக்கு மேல், "வனத்துறை மூடினதுக்கு நாங்க பொறுப்பில்ல." ஊர் திரும்பியதும், "ரீஃபண்ட் டீம் பார்க்குது, ஏழு வேலை நாள்." அதன்பின், "அடுத்த டிரிப்புல பத்து சதவீதம் தள்ளுபடி தர்றோம்." 22,400 ரூபாயைக் கேட்டால் தள்ளுபடியாம்! கடைசியில் பதினாலு பேர் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

பணத்தை விட இன்னொன்று பயமுறுத்துகிறது. காவலர் தடுக்காமல் இருந்து, அந்த ஆட்கள் வேறு வழியாகக் காட்டுக்குள் கூட்டிப்போயிருந்தால்? 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைத் தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. மலை நடைதான் வேண்டும் என்றால் வனத்துறையே 2024 அக்டோபரில் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். 40 பாதைகளோடு தொடங்கினார்கள், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான். இ-பாஸ் வேறு, காட்டு அனுமதி வேறு, அனுமதியைக் கொடைக்கானல் வனத்துறையிடமே கேளுங்கள். செவ்வாய்க்கிழமை பேரிஜம் கிடையாது. கம்பெனி என்று சொல்லிவிட்டுத் தனி ஆள் பெயரில் இருக்கும் யுபிஐ எண் கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், 5 லிட்டருக்குக் கீழே இருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், பணம் அடுத்த கணக்குக்குக் கை மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். "ஏழு வேலை நாள்" என்று அவர்கள் இழுப்பதே அந்த நேரத்தைக் கடத்தத்தான். சாட், ரசீது, அந்தச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். எங்கள் 22,400 ரூபாய்க்குப் புகார் கொடுத்தாகிவிட்டது. இதே பக்கத்தில் பணம் கட்டியவர்கள் பாம்பனிலோ தொண்டியிலோ இருந்தால் இன்றைக்கே நீங்களும் புகார் கொடுங்கள்.