ஸ்டீம்வேர்ல்ட் டிக்: குந்தாலியும் கொஞ்சம் தண்ணீரும்

சுவீடனின் கோத்தன்பர்க் நகரைச் சேர்ந்த இமேஜ் அண்ட் ஃபார்ம் நிறுவனம் 2013 ஆகஸ்டில் நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு ‘ஸ்டீம்வேர்ல்ட் டிக்’ விளையாட்டை வெளியிட்டபோது, அதன் விலை 8.99 டாலர். பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகள் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட விலைக்கு விற்ற காலம் அது. இத்தனை ஆண்டுகள் கழித்து மறுபடியும் முதலிலிருந்து ஆடி முடித்தபோது, அந்த விலைக்கு இவ்வளவு கச்சிதமான ஒன்றைச் செய்து கொடுத்தவர்கள் மீது எனக்கு மதிப்பு கூடத்தான் செய்தது.

மனிதர்கள் தரைமேல் இல்லாத, நீராவியால் இயங்கும் ரோபோக்கள் மட்டுமே வாழும் வறண்ட நிலப்பரப்பு. ரஸ்டி என்ற ரோபோ, தன் மாமா விட்டுச் சென்ற சுரங்கத்தைப் பொறுப்பேற்க டம்பிள்டன் என்ற சிற்றூருக்கு வருகிறான்; மாமாவோ சுரங்கத்துக்குள்ளேயே உயிரற்றுக் கிடக்கிறார். அவருடைய குந்தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு ரஸ்டி மண்ணைக் கொத்தத் தொடங்குவதுதான் ஆட்டத்தின் முதல் செயல், ஏறக்குறைய கடைசிவரை அதுவே முதன்மைச் செயலும்கூட. கொத்திய மண்ணில் கிடைக்கும் தாதுக்களையும் மணிக்கற்களையும் மேலே கொண்டுவந்து விற்றால் பணம் வரும். விற்க விற்க ஊர் வளர்ந்து புதிய கடைக்காரர்கள் வந்து சேர்வார்கள். அவர்களிடம் வலிமையான குந்தாலியும் பெரிய பையும் வாங்கிக்கொண்டு இன்னும் ஆழமாக இறங்கலாம்.

சொல்லிப் பார்த்தால் எளிதாகத் தெரியும் இந்தச் சுழற்சியை உயிரோடு வைத்திருப்பவை விளக்கு, தண்ணீர், பை ஆகிய மூன்று தட்டுப்பாடுகள். விளக்கின் ஒளி நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரும். தரைக்குத் திரும்பினால்தான் மறுபடியும் முழுதாக எரியும். உயரத் தாவவும் ஓங்கிக் குத்தவும் நீராவி வேண்டும், நீராவிக்குத் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீர் ஆங்காங்கே குட்டைகளில்தான் கிடைக்கும். பை நிறைந்த பிறகு கண்ணெதிரே மின்னும் மாணிக்கத்தையும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். “இன்னும் நான்கு கட்டம் தோண்டிவிட்டுத் திரும்பலாம்” என்று நினைக்கும் அந்த ஒரு கணத்தில்தான் இந்த விளையாட்டின் பரபரப்பு முழுவதும் இருக்கிறது.

ஆனால் நான் இதை இவ்வளவு பாராட்டுவதற்குக் காரணம் வேறு. மேலே ஏறிவரும் வழி நமக்காக யாரோ வரைந்து வைத்ததன்று, இறங்கும்போது நாமே வெட்டியது. சுரங்கத்தின் இரண்டாம் அடுக்கின் தொடக்கத்தில், ஒரு பச்சைக் கல்லுக்கு ஆசைப்பட்டுச் சுற்றியிருந்த மண்ணையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே பெரிய வெற்றிடம். நான் இறங்கிவந்த துளை அதன் கூரையின் நட்டநடுவில் இருந்தது. ரஸ்டியால் சுவரைப் பற்றித் தாவி ஏற முடியும், ஆனால் காலூன்றி நிற்கும்போதுதான் தோண்ட முடியும். தண்ணீர் தீர்ந்துவிட்டது, ஏணி வாங்கவில்லை, விளக்கும் மங்கிவிட்டது. தன்னையே வெடித்துக்கொண்டு ஊரில் மீண்டும் எழுவதற்கு வழி உண்டு என்றாலும், அதற்குக் கைப்பணத்தில் ஒரு பகுதியை இழக்க வேண்டும், பையிலிருந்த பொருள்களும் கீழேயே கிடக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு குழியையும் திரும்பும் வழியை மனத்தில் வைத்தே வெட்டினேன். விளக்கக் குறிப்புகள் எதுவும் கற்றுத் தராததை அந்த ஒரு குழி கற்றுக் கொடுத்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஆழம் கூடக் கூட இடமும் மாறுகிறது. மண்ணும் பாறையுமாக இருக்கும் முதல் அடுக்கான ஆர்க்கியாவுக்குக் கீழே, டைனமைட்டை வீசும் உருக்குலைந்த மனிதர்கள் வாழும் பழைய உலகம் இருக்கிறது. அதற்கும் கீழே மின்சாரமும் தானியங்கித் துப்பாக்கிகளும் காவல் காக்கும் வெக்ட்ரான். நீராவி ரோபோ ஒன்று, தன் காலடியில் புதைந்து கிடக்கும் மனித நாகரிகத்தைத் தோண்டித் தோண்டியே அறிந்துகொள்வதுதான் இதன் அறிவியல் புனைவு. பக்கம் பக்கமாக வசனம் எழுதாமல் இதைச் சுவர்களையும் எதிரிகளையும் கொண்டே சொல்லியிருப்பது பெரிய திறமை.

குறைகளும் இருக்கின்றன. ஐந்தாறு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். எதிரிகளின் வகை குறைவு. இறுதிச் சண்டை, அதுவரை நாம் பழகிய தோண்டும் திறமையை முழுமையாகச் சோதிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கனிமங்கள் கிடக்கும் இடம் ஒவ்வொரு புதிய ஆட்டத்திலும் மாறினாலும், இரண்டாம் முறை ஆடும்போது முதல்முறை வியப்பு இருக்காது. ரஸ்டியைத் தேடி டோரதி என்ற ரோபோ புறப்படும் 2017ஆம் ஆண்டின் இரண்டாம் பாகம் சண்டையிலும் நில அமைப்பிலும் இதைவிட வளமானது.

3டிஎஸ் கருவிக்கான நின்டெண்டோவின் இணையக் கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டது. மேல்திரையில் சுரங்கமும் கீழ்த்திரையில் வரைபடமும் எப்போதும் தெரிந்துகொண்டிருந்த அந்த வசதியை இனிப் புதிதாக விலைகொடுத்துப் பெற முடியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இப்போது வாங்குவோர் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு 2018இல் வந்த பதிப்பை 9.99 டாலருக்குப் பெறலாம்; படம் துல்லியமாகவும் அசைவு சீராகவும் இருக்கிறது. முதல் வருமானம் கைக்கு வந்ததும் இரண்டு ஏணிகளை வாங்கிவைத்துக்கொண்டு இறங்குங்கள்.