பழைய ரேஸ் பேட்ஜைச் சோதிக்கக் கொடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

பழைய கார் பேட்ஜ் (வண்டியின் முன்னால் மாட்டும் உலோகச் சின்னம்) சேர்ப்பவர்களுக்கும், வீட்டுப் பரணில் எனாமல் பேட்ஜ் ஒன்று கிடக்கிறது, என்ன விலைக்குப் போகும் என்று யோசிப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை. வடசென்னையில் ஒரு ஆள் "ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று சோதித்துச் சான்றிதழ் தருகிறேன்" என்று பேட்ஜுகளை வாங்கிப் போகிறார். சொன்னபடி சான்றிதழ் வந்துவிடுகிறது. கூடவே திரும்பி வருவது நீங்கள் கொடுத்த பேட்ஜ் அல்ல.

எங்கள் குடும்பத்தில் போனது ஒரு புரூக்லேண்ட்ஸ் பேட்ஜ். இங்கிலாந்தில் வெய்பிரிட்ஜ் பக்கத்தில் 1907-ல் திறந்து, 1939-ல் போர் வந்ததும் மூடிய பந்தயத் தளம் அது. கான்கிரீட்டில் சாய்வாகக் கட்டிய வளைவுகளுக்குப் பேர் போனது. அங்கே பந்தயம் நடத்திய பி.ஏ.ஆர்.சி. கிளப் தன் உறுப்பினர்களுக்குக் கொடுத்த எனாமல் பேட்ஜ்தான் எங்களுடையது. சாய்தளத்தில் கார்கள் சீறுகிற படம், அடியில் செய்தவர் பெயராக ஸ்பென்சர், லண்டன், ஒரு உறுப்பினர் எண்.

இது தண்டையார்பேட்டைக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பெரம்பூர் லோகோ ரயில் பட்டறையில் வேலை பார்த்த ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர், ஆஸ்திரேலியா கிளம்பும்போது என் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சித்தப்பா மெக்கானிக். சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் அங்கே வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்களைப் பற்றி, இந்தப் பக்கத்து வயதான மெக்கானிக் யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத்தளம் வந்தது, பேச்சும் அங்கே போய்விட்டது. ஆனால் அந்தக் காலத்துச் சாமான்கள் ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அந்த ஆள் இந்தப் பக்கமே சுற்றுவதற்கு அதுதான் காரணம்.

சித்தப்பா போன பிறகு பேட்ஜ் சித்தியிடம் இருந்தது. தெரிந்தவர் மூலம் விஷயம் கேள்விப்பட்டு நேராக வீட்டுக்கே வந்திருக்கிறார் மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் லென்ஸ், ரொம்ப மரியாதையான பேச்சு. "அம்மா, இது நூறு வருஷத்துப் பொருள். தொல்லியல் துறையில பதியாம வெச்சிருந்தா கேஸ் ஆயிடும். என்கிட்ட குடுங்க, டெஸ்ட் பண்ணி பேப்பர் ரெடி பண்ணித் தர்றேன்" என்றிருக்கிறார். தனியாக இருக்கிற அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியிடம் கேஸ் என்று சொன்னால் என்ன ஆகும்? கட்டணத்தையும் கொடுத்து பேட்ஜையும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவர் சொன்ன சட்டம் நிஜமாகவே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். அது பொதுவாக நூறு வயது நிரம்பிய பொருள்களுக்கு. 1930-களின் கார் பேட்ஜ் அதற்குள் வராது. யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து இந்தப் பேச்சை எடுத்தால் அங்கேயே வாசலைக் காட்டிவிடலாம்.

சில வாரம் கழித்து ஹாலோகிராம் ஒட்டிய சான்றிதழோடு பேட்ஜ் திரும்பி வந்தது. சித்திக்கு நிம்மதி. அதைப் பழையபடி அதன் கிளாம்பில் மாட்டி வைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். பின்பக்கத்துத் திருகுக் கம்பிகளுக்கான நட்டுகளை சித்தப்பா ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அந்த ஆள் பேட்ஜை மட்டும்தான் வாங்கிப் போனார், தீப்பெட்டி வீட்டிலேயே இருந்தது. நட்டு ஏறவில்லை. கால் சுற்று போய் இறுகிக்கொண்டது. "எத்தனை தடவை உங்க சித்தப்பா கழட்டி மாட்டியிருக்காரு, இப்ப என்னடா வந்துச்சு அதுக்கு?" என்று சித்தி கேட்டார். கொருக்குப்பேட்டையில் தெரிந்த லேத்து பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த அண்ணன் மரை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "நட்டு பழைய வெள்ளைக்காரன் மரை, கம்பியில இருக்கறது எம்எம் மரை. ரெண்டும் சேராது" என்றார். போருக்கு முந்திய இங்கிலாந்து பேட்ஜில் மில்லிமீட்டர் மரைக்கு என்ன வேலை?

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சித்தப்பா இருந்தபோதே நான் அதை முன்னும் பின்னும் ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதோடு ஒப்பிட்டால், வந்தது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குட்டை. ஒரிஜினலை அச்சு எடுத்துப் பித்தளை வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும். நூறு மில்லிமீட்டருக்கு ஒன்றரை, இரண்டு என்ற கணக்கில் குறையும். எப்படி மெருகு போட்டாலும் இந்தக் குறை போகாது. ஒரிஜினலின் ஓரத்தில் இருந்த நசுங்கல்கூட நகலில் அப்படியே இருந்தது! அச்சில் விழுந்ததால் வந்தது. சித்தி ஏமாந்ததே அந்த நசுங்கலைப் பார்த்துத்தான். எண்ணும் அதே எண். ஆனால் உளி போன்ற அச்சை வைத்து அடித்த எண்ணின் விளிம்பு கூராக இருக்கும், நகத்தால் தடவினால் தெரியும். இதில் எண் மழுங்கலாக, சோப்புக் கட்டியில் பதிந்த எழுத்து தேய்ந்த மாதிரி இருந்தது. பின்பக்கம் லென்ஸில் பார்த்தால் பொடிப்பொடியாகக் குழிகள். ஒரிஜினல் மாதிரி அச்சை வைத்து அடித்துச் செய்த தகட்டில் அவை வராது.

நிறம்தான் பெரிய விஷயம். அந்தக் காலத்து எனாமல் என்பது கண்ணாடி. பொடியாகப் போட்டு எண்ணூறு டிகிரி அளவில் உருக்கிப் பிடிக்க வைப்பார்கள். தெறித்தால் கண்ணாடியாகத்தான் தெறிக்கும், கூர்மையான செதில் விழும். குண்டூசியால் கீறினால் ஊசிதான் வழுக்கும். இப்போது வார்க்கிற நகல்களில் நிரப்புவது பிசின். ஊசி முனையைச் சூடாக்கி ஓர் ஓரத்தில் தொட்டேன், உள்ளே இறங்கிவிட்டது, பிளாஸ்டிக் நாற்றம். ஒரிஜினலில் ஒரு நீலக் கட்டத்தின் மூலையில் சின்னத் தெறிப்பு இருந்தது. நகலில் அந்த இடத்தை நீலப் பிசின் வழவழவென்று மூடியிருந்தது. உலோகத்தில் இருந்த நசுங்கலை நகல் எடுத்தவருக்கு எனாமலில் இருந்த தெறிப்பை நகல் எடுக்கத் தெரியவில்லை.

போனில் கேட்டதற்கு அவர் கொஞ்சமும் பதறவில்லை. "சார், ஒரிஜினல்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். அப்புறம் எப்படி சார் டூப்ளிகேட் ஆகும்?" சான்றிதழில் அச்சடித்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலக் கட்டத்தின் மூலையில் தெறிப்பு தெளிவாகத் தெரிகிறது. அவர் சான்று கொடுத்தது எங்கள் பேட்ஜுக்குத்தான், அந்த பேட்ஜ்தான் எங்களிடம் இல்லை. அடுத்த தடவை கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை.

காவல் நிலையத்தில் முதலில் சிரித்தார்கள். கார் பேட்ஜுக்கு இவ்வளவா என்றார்கள். இந்த உறுப்பினர் பேட்ஜுகள் வெளிநாட்டு ஏலங்களில் நூற்றுக்கணக்கான பவுண்டுக்குப் போவதைக் காட்டிய பிறகு, புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் நம்பிக்கை மோசடிக்கு 316, ஏமாற்றியதற்கு 318. புகாரில் இரண்டையும் குறிப்பிட்டு, பழைய படங்களையும் சான்றிதழையும் இணையாக வைத்துக் கொடுத்திருக்கிறேன். விசாரணை நடக்கிறது, அதனால் ஆளின் பெயரை இங்கே எழுதவில்லை.

விசாரித்ததில் பெரம்பூரில் இன்னொரு குடும்பத்திலும் இதே கதை. அவர்களிடம் போனதற்குப் பதிலாக, அதே ஆள் 120 மைல் என்று எழுதிய புரூக்லேண்ட்ஸ் பேட்ஜ் ஒன்றை "சல்லிசாக" விற்கவும் பார்த்திருக்கிறார். அது அங்கே நடந்த பந்தயத்தில் ஒரு சுற்றை மணிக்கு 120 மைலுக்கு மேல் ஓட்டி முடித்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது. 130 மைல் பேட்ஜ் வாங்கியவர்கள் இருபது பேர்கூட இல்லை. அப்படி ஒன்று மூர் மார்க்கெட் பக்கம் ஐயாயிரம் ரூபாய்க்கு வந்தால் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பதே நேர விரயம். இன்னொன்று: 1910-ஆம் வருஷத்துப் பொருள் என்று சொல்லி நீலம் பாய்ந்த குரோம் பளபளப்போடு காட்டுகிறார்களாம். குரோம் முலாம் கார்ச் சாமான்களுக்கு வந்ததே 1920-களின் கடைசியில்தான். அதற்கு முன் நிக்கல், கொஞ்சம் மஞ்சள் தட்டிய வெள்ளையாக இருக்கும்.

சோதனை வேண்டுமென்றால் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். மேலே சொன்ன எதற்கும் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது, ஒரு லென்ஸ், ஒரு ஊசி, ஒரு வெர்னியர் போதும். முலாம் பூசவோ வேறு எதற்கோ கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் ஸ்கேலோடு வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள், எடை போடுங்கள், வாங்கிக்கொள்பவரின் கையெழுத்தை அந்தப் படத்தின் பின்னாலேயே வாங்குங்கள். நட்டுகளைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் பேட்ஜ் எங்கேயாவது விற்பனைக்கு வரும். முன்பக்கம் பார்த்தால் வலது ஓரத்தில் நசுங்கல், நீலக் கட்டத்தின் மூலையில் கடுகளவு தெறிப்பு, பின்னால் இரண்டு கம்பிகளில் ஒன்று லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கும். உறுப்பினர் எண்ணை வேண்டுமென்றே இங்கே போடவில்லை. பார்த்தவர்கள் எண்ணைக் குறித்துக்கொண்டு எனக்குத் தகவல் அனுப்புங்கள், ஒப்பிட்டுச் சொல்கிறேன். விற்பவரிடம் எதுவும் பேச வேண்டாம்.