ஆளைத் தேடுவதா, கடையைத் தேடுவதா: இங்கிலாந்தில் பப் நடத்திய மூதாதையின் தடம்

என்னோடு லண்டனில் வேலை பார்க்கும், ஓய்வு பெறும் வயதை எட்டிய ஆங்கிலேய நண்பர் ஒருவரின் குடும்பத்தில், அவருடைய எள்ளுத் தாத்தா டெர்பிஷர் கிராமமொன்றில் ‘ரெட் லயன்’ என்னும் பப்பை நடத்தியவர் என்ற பேச்சு தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. சான்று என்று கையில் இருப்பது மங்கிப்போன புகைப்படம் ஒன்றுதான். வாசலில் ஏப்ரன் கட்டிய ஒருவர் நிற்கிறார். கதவு நிலைக்கு மேலே நீளமான ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ‘பீர் விற்க உரிமம் பெற்றவர்’ என்ற பொருளுள்ள எழுத்துகள் தெரிகின்றன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தொங்குவிளக்கின் நிழல் விழுந்திருக்கிறது.

இத்தகைய குடும்பப் பேச்சைச் சரிபார்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆளைப் பின்தொடர்வது. மற்றொன்று, ஆளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுக் கடையின் வரலாற்றை ஆண்டுவாரியாக எழுதி, அதில் அவர் வருகிறாரா என்று பார்ப்பது. பெரும்பாலோர் முதல் வழியிலேயே தொடங்குகிறார்கள். இணையத்தில் பெயரைத் தட்டினால் ஏதாவது வந்து விழும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆளைப் பின்தொடர்பவருக்கு முதலில் கிடைப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1841 முதல் ஒவ்வொருவரின் பெயரும் நாடு முழுவதும் பதிவாகியுள்ளது. 1921 வரையிலான ஏடுகள் இன்று பொதுப் பார்வைக்குத் திறந்துள்ளன. 1931ஆம் ஆண்டின் ஏடுகள் 1942இல் தீயில் அழிந்தன, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று போர்க்காலத் தேவைக்காக எடுக்கப்பட்ட பதிவேடு. இவ்வளவு இருந்தும், பப் நடத்தினாரா என்ற கேள்விக்குக் கணக்கெடுப்பு பலவீனமான சாட்சி என்பதே என் கருத்து. அது பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரே ஓர் இரவை மட்டும் பார்க்கிறது. 1852இல் கடையை எடுத்து 1859இல் விட்டுவிட்டவரின் அந்த ஏழாண்டுகளும் அதன் கண்ணில் படாமலேயே போய்விடும். தச்சு வேலையும் பார்த்து, வீட்டு முன்னறையில் மனைவி பீர் ஊற்றிக் கொடுத்த குடும்பத்தில், தொழில் என்ற இடத்தில் ‘தச்சர்’ என்று மட்டுமே எழுதியிருப்பார்கள். கிராமங்களில் கடையின் பெயரையும் பல எழுத்தர்கள் எழுதவில்லை. ஏட்டின் இடதுபுறம் உள்ள எண்ணை வீட்டு எண் என்று நம்பி, இன்றைய தெருவில் போய் அந்த எண்ணுள்ள கதவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது கணக்கெடுப்புப் படிவத்தின் வரிசை எண்ணே தவிர வீட்டு எண் அல்ல. 1841இல் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதும் வழக்கம் இருந்ததால், 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். ஒரே பெயரில் இருவர் உள்ள ஊரில் இதுவே ஆளை மாற்றிவிடப் போதும்.

இதைவிடப் பயனுள்ளதும், பலர் திறந்தே பார்க்காததுமான ஆவணம் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு. 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் தந்தையின் தொழிலுக்கென்று தனிக் கட்டம் உண்டு. இரண்டாண்டுக்கு ஒரு குழந்தை பிறந்த வீடுகளில், கணக்கெடுப்பு பார்க்காத ஆண்டுகளையெல்லாம் இந்தக் கட்டம் பார்த்துவிடுகிறது. 1837 ஜூலைக்குப் பிந்தைய திருமணப் பதிவிலும் தந்தையின் தொழில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவர் மணமகனோ மணமகளோ என்பதால், பீர் விற்றவர் மகளின் திருமண நாளன்று ‘கனவான்’ ஆகிவிடுவதும் நடக்கும்.

கடையைப் பின்தொடரும் வழியில் முதலில் எடுக்க வேண்டியவை வணிக டைரக்டரிகள். பிகட், ஸ்லேட்டர், வைட், கெல்லி ஆகியோரின் தொகுப்புகளில் பலவற்றை லெஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது. ஊர்வாரியாகக் கடையின் பெயரும் நடத்துபவரின் பெயரும் அருகருகே இருப்பதால், ஒரே மாலையில் ஐந்தாறு பதிப்புகளைப் புரட்டி ஒரு கடையில் அடுத்தடுத்து இருந்தவர்களின் பட்டியலைத் தயாரித்துவிடலாம். கணக்கெடுப்பு பத்தாண்டில் தருவதைவிட இது கூடுதல். எனினும் தகவல் திரட்டி, அச்சிட்டு, விற்பனைக்கு வருவதற்குள் ஆள் மாறியிருக்கக்கூடும் என்பதால், ஆண்டை ஓரிரண்டு முன்பின்னாகவே கொள்ள வேண்டும். சிறிய பீர்க்கடைகளுக்குப் பெயரும் இராது; ‘பீர் சில்லறை விற்பனையாளர்’ என்ற தலைப்பின்கீழ் ஆளின் பெயர் மட்டும் இருக்கும்.

சட்டப்படி உறுதியான சான்று வேண்டுமானால் உரிமப் பதிவுகளுக்கு நிகர் எதுவும் இல்லை. மதுக்கடைக்கு மாஜிஸ்திரேட்டுகளின் உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1552இலேயே வந்துவிட்டது. ஒழுங்காக நடத்துவேன் என்று பிணைப்பத்திரம் எழுதித் தந்தவர்களின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்று 1753ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. அதனால் 1753 முதல் 1828 வரையிலான ஏடுகள் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஆவணக் காப்பகங்கள் பலவற்றில் ஆண்டுவாரியாகக் கிடைக்கின்றன. 1828இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. அதன்பின் 1872ஆம் ஆண்டு உரிமச் சட்டம் மீண்டும் பதிவேடுகளைக் கொண்டுவந்தது. அவற்றில் கடையின் பெயர், உரிமம் பெற்றவர், உரிமம் கைமாறிய தேதி, குற்றத் தீர்ப்பு ஆகியவை ஒரே இடத்தில் வரும். உங்கள் மூதாதை இந்த இரண்டு காலங்களில் ஒன்றில் வாழ்ந்திருந்தால் வேறு ஆவணத்தைத் தேடுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இடைப்பட்ட நாற்பது சொச்சம் ஆண்டுகள்தான் தலைவலி. 1830ஆம் ஆண்டின் பீர்க்கடைச் சட்டப்படி, உள்ளூர் வரி செலுத்தும் எவரும் ஆண்டுக்கு இரண்டு கினி (அக்கால ஆங்கிலேயப் பண அளவு) கட்டி, மாஜிஸ்திரேட்டைப் பார்க்காமலேயே கலால் துறையிடம் உரிமம் வாங்கித் தம் வீட்டிலேயே பீர் விற்கலாம். ஜின், பிராந்தி போன்றவற்றை விற்க முடியாது. சில மாதங்களிலேயே பல்லாயிரம் வீடுகள் கடைகளாயின. 1869இல்தான் இவையும் மாஜிஸ்திரேட்டுகளின் கைக்குத் திரும்பின. அந்தக் கலால் உரிமங்கள் பெரும்பாலும் எஞ்சவில்லை. ஆகவே 1830க்கும் 1869க்கும் இடையில் பீர்க்கடை நடத்தியவரைக் கடைப்பெயரையோ உரிமத்தையோ வைத்துத் தேடிப் பயனில்லை. அங்கே மட்டும் ஆளின் பின்னால்தான் போக வேண்டும். நான் கடைவழியின் கட்சியைச் சேர்ந்தவன் என்றாலும், இந்த ஒரு விலக்கை ஒப்புக்கொள்கிறேன்.

இரு வழிகளும் சந்திக்கும் இடம் பழைய செய்தித்தாள். பிரிட்டிஷ் நூலகத்தின் இதழ்களை 2011 முதல் இணையத்தில் தேடிப் படிக்க முடிகிறது; கட்டணம் உண்டு. அக்காலத்தில் மரண விசாரணையும் நில ஏலமும் பப்பில்தான் நடந்தன என்பதால், ‘இன்னாரின் வீட்டில், இன்ன கடையில் விசாரணை நடந்தது’ என்று ஒரு வரி வரும். கடையும் ஆளும் தேதியும் அந்த ஒரே வரியில் அகப்பட்டுவிடும். உரிமம் கைமாறிய செய்தியும் வரும். லண்டன் பாண்டன் தெருவில் ‘யூனியன் ஆர்ம்ஸ்’ நடத்திய குத்துச்சண்டை வீரர் டாம் கிரிப் போன்றவர்களைத் தேட யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. அந்தக் கடைக்கே இன்று அவர் பெயர்தான். சாதாரணக் கடைக்காரரோ நேரம் கடந்து விற்றதற்கோ, பணியிலிருந்த போலீஸ்காரருக்கு ஊற்றிக் கொடுத்ததற்கோ அபராதம் கட்டினால்தான் செய்தியாகிறார். முன்னோர் ஒழுக்கமாக வாழ்ந்துவிட்டால் தேடுபவருக்கு நஷ்டம். தேடும்போது குடும்பப் பெயரை விட்டுவிட்டு, ஊரின் பெயரையும் கடையின் பெயரையும் சேர்த்துக் கொடுத்து ஆண்டை வரையறுத்துக்கொள்வது நல்லது. வெறும் ‘ரெட் லயன்’ என்று தட்டினால் நாட்டிலுள்ள சிங்கமெல்லாம் வந்து நிற்கும்.

உயில்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1858க்கு முன் அவை தேவாலய நீதிமன்றங்களிலும் அதன்பின் அரசு அலுவலகத்திலும் இருக்கின்றன, விட்டுச்செல்லச் சொத்துள்ளவர்களுக்கே அவை உண்டு. அவற்றைவிடப் பயனுள்ள, 1910ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி நடந்த நிலமதிப்பீட்டின் கள ஏடுகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு கட்டடத்தின் சொந்தக்காரரையும் குடியிருப்பவரையும் அவை தனித்தனியே காட்டும். ‘எங்கள் தாத்தாவுக்குச் சொந்தமாக ஒரு பப் இருந்தது’ என்ற பேச்சு பெரும்பாலும் இங்கேதான் உடையும்: சொந்தக்காரர் என்ற இடத்தில் ஏதாவதொரு மதுவாலை நிறுவனம் இருக்கும், தாத்தா வாடகைக்காரராக இருப்பார்.

நண்பருக்காக இரண்டு வழிகளிலும் போய்ப் பார்த்தோம். கணக்கெடுப்பு 1841, 1851 இரண்டிலும் எள்ளுத் தாத்தாவைத் தச்சர் என்றே சொன்னது; அதோடு நின்றிருந்தால் குடும்பப் பேச்சைக் கட்டுக்கதை என்று தள்ளியிருப்போம். ஞானஸ்நானப் பதிவேட்டில் 1844இல் பிறந்த மகளுக்கு அவர் தச்சர். 1847இலும் 1849இலும் பிறந்த மகன்களுக்கு ‘பீர் விற்பவர்’. அதே காலத்து டைரக்டரியைத் திறந்தால், ரெட் லயனுக்கு நேரே வேறொருவர் பெயர் இருக்கிறது. நம்மவர் பெயர் கடைப்பெயர் ஏதுமின்றிப் பீர் சில்லறை விற்பனையாளர் வரிசையில் கடைசியாக இருக்கிறது. அவர் பீர் விற்றது உண்மை, ரெட் லயனில் அல்ல. ஊரில் இன்றுவரை மூடாமலிருக்கும் கடை அது ஒன்றே என்பதால், பின்னால் வந்தவர்கள் அவரை அங்கே குடியேற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

புகைப்படம் அவர் காலத்துக்குப் பிந்தையது என்பதை அதிலுள்ளவரின் உடையும் படம் ஒட்டிய அட்டையும் காட்டுகின்றன. 1872க்குப் பிந்தையதாக இருந்தால் அந்தக் கடை உரிமப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். மேட்லாக்கில் உள்ள டெர்பிஷர் ஆவணக் காப்பகத்துக்கு நண்பர் அடுத்த மாதம் போகிறார். பலகையில் விளக்கின் நிழல் மறைத்த பெயர் அந்த ஏட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, படத்தையும் கையோடு கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.