பழைய ஸ்கி போட்டின் தரையும் ஃபோமும்: கேத்தியில் செய்த வேலை, சில வருடங்களுக்குப் பிறகு

பழைய ஃபைபர் போட் பார்க்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சின் மூடியைத்தான் திறப்பார்கள். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் மாட்டிக்கொள்ளலாம். வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு சொல்வது தரைதான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுங்கள். சீட்டின் கால்கள் திருகியிருக்கும் இடங்களில் குதிகாலை ஊன்றிப் பாருங்கள். அமுங்கினால் பிளைவுட் மட்கிவிட்டது என்று பொருள். பிளைவுட் மட்கியிருந்தால் அதற்கும் கீழே இருக்கும் ஃபோம் அநேகமாகத் தண்ணீர் குடித்திருக்கும்.

எங்களுடையது 17 அடி நீளம், 1980களில் செய்த அமெரிக்கத் தயாரிப்பு, பின்பக்கம் அவுட்போர்டு எஞ்சின். சித்தப்பா ஆலப்புழையில் வேலையில் இருந்தபோது வாங்கி, வேம்பநாட்டுக் காயலில் பசங்களுக்குத் தண்ணீர்ச் சறுக்கு கற்றுக்கொடுத்த படகு. அவர் ஓய்வு பெற்று நீலகிரியில் உள்ள கேத்திக்குத் திரும்பியபோது இதை அங்கேயே விட்டுவர மனம் வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் கேரட் லோடு இறக்கிவிட்டுக் காலியாக மலையேறும் லாரி ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்தோம். கேரட் மூட்டை அடுக்கும் கொட்டகைதான் பட்டறை ஆனது.

“ஏனுங்க, இத எங்கீங்க ஓட்டப் போறீங்க, எமரால்டு டேம்லயா?” என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. எமரால்டு, அவலாஞ்சி எல்லாம் மின்வாரிய அணைகள். ஊட்டி ஏரியிலும் பைக்காராவிலும் ஓடுபவை சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துப் படகுகள். எங்கள் போட் மலையில் சீராகி, கீழே கேரளத்துக் காயலில்தான் ஓடுகிறது. வேலையை இங்கே வைத்துக்கொண்டதற்குக் கொட்டகை ஒரு காரணம், ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும் வறண்ட காற்று இன்னொரு காரணம்.

இந்த வகைப் படகுக்குள் ஃபோம் ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் வேலை பாதி புரிந்துவிடும். 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகு, உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் அடியோடு மூழ்கக் கூடாது என்ற விதி அமெரிக்காவில் 1970களில் வந்தது. அதற்காகத் தரைக்கும் படகின் ஃபைபர் அடிப்பகுதிக்கும் நடுவில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவார்கள். அது பொங்கி, மூலைமுடுக்கெல்லாம் நிரம்பி, இறுகிவிடும். ஒரு கன அடி ஃபோம் ஒரு கிலோகூட இருக்காது. அதே ஒரு கன அடியில் தண்ணீர் முழுதாக நிறைந்தால் 28 கிலோ. ஃபோம் இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொண்டிருப்பதால் சீட்டுத் திருகு வழியாகவும் தரையின் ஓர வெடிப்பு வழியாகவும் இறங்குகிற நீர் பின்பக்க வடிகால் துளைக்குப் போய்ச் சேர வழியே இல்லை. வருடக்கணக்கில் அங்கேயே நின்று ஃபோமில் ஊறுகிறது, மரச் சட்டங்களை மட்க வைக்கிறது. கேத்திப் பள்ளத்தாக்கில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். ஊறிய நீர் உறைந்து விரியும்போது ஃபோமின் நுண்ணறைகள் உடைந்து, அடுத்த மழைக்கு இன்னும் அதிகமாகக் குடிக்கும். நனைந்த ஃபோமுள்ள படகை மலையில் திறந்தவெளியில் நிறுத்தி வைக்கவே கூடாது.

தரையை அறுக்கும் முன் அடிப்பகுதிக்கு முட்டு கொடுப்பதில் அவசரம் கூடாது. தரையும் நெடுக்குச் சட்டங்களும் போய்விட்டால் மிஞ்சுவது வளையக்கூடிய ஃபைபர் ஓடு மட்டும்தான். ஏற்கெனவே வளைந்த நிலையில் புதுத் தரை போட்டால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும், படகு நேராக ஓடாது. குறுக்கே நான்கு மரத்தொட்டில் செய்து, நூல் கட்டி மட்டம் பார்த்து, சட்டங்களை ஒவ்வொன்றாகத்தான் எடுத்தோம். ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்குப் பழைய தரையை விட்டு அறுத்தால் புதுப் பலகை உட்கார விளிம்பு கிடைக்கும்.

பிளைவுட் ஊறவைத்த அவல்போல விரலோடு வந்தது. ஃபோமை மண்வெட்டியால்தான் எடுக்க முடிந்தது. மேல்பக்கம் வெளிர் மஞ்சளாக, காய்ந்ததுபோலத் தெரியும். நான்கு விரல் ஆழத்தில் நிறம் காவியாகிவிடும். கையில் எடுத்துப் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர், கூடவே பெட்ரோலும் சேறும் கலந்த நாற்றம். இதைக் கொளுத்தாதீர்கள். பாலியூரித்தேன் எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு உண்டு. ஓடையோரம் கொட்டுவதும் பாவம். மூட்டை கட்டி, கழிவு எடுப்பவர்களிடம் பேசிக் கொடுத்துவிட்டோம். கிரைண்டர் போடும்போது முழுக்கைச் சட்டை, நல்ல முகமூடி, கண்ணாடி மூன்றும் கட்டாயம். கண்ணாடி இழைத் தூள் தோலில் ஏறினால் இரவெல்லாம் தூங்க முடியாது. முதலில் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும்.

ஓடு மட்டும் மிஞ்சிய படகை முழுசாகக் காயவிட்டோம். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ஒரு முழம் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

மரத்துக்கு வருவோம். இங்குள்ள மர மில்லில் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கும். தேயிலைத் தோட்டத்து நிழல் மரம், கதவு ஜன்னலுக்குப் போகும். ஈரத்தில் அது நிற்காது. கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், காயும்போது முறுக்கிக்கொள்ளும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ரெசின் (ஃபைபர் இழையை இறுக்கும் பிசின்) சரியாகப் பிடிக்காது. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டைப் பட்டையாக அறுத்து, அடுக்கி ஒட்டித்தான் சட்டங்கள் செய்தோம். முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் நாள் முழுக்க கொதிக்க வைத்துப் பாருங்கள். இழை பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரெசின் விஷயத்தில் மலைக்குத் தனிக் கணக்கு. கோவையிலிருந்து வந்த ஃபைபர் மேஸ்திரி தண்ணீர்த் தொட்டியும் கோயில் சிலையும் செய்து பழகியவர். “அண்ணா, குளிருல ரெசின் தூங்கிருமுங்க” என்றார். தொட்டிக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசின் 15 டிகிரிக்குக் கீழே சரியாக இறுகாது. இறுகுவதைத் துரிதப்படுத்தும் கோபால்டையும் இறுக வைக்கும் கேட்டலிஸ்டையும் கூட்டினால் சில இடம் வெந்துவிடும், சில இடம் பிசுபிசுவென்றே நிற்கும். அந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபால்டை ரெசினில் முதலில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். பழைய ஃபைபர்மேல் ஒட்டும் வேலைக்கு எப்பாக்ஸிதான் பிடிமானம் அதிகம் என்பதால் சட்டம், தரை எல்லாவற்றுக்கும் அதையே எடுத்தோம். விலை பல மடங்கு. நாங்கள் வாங்கிய வகையில் நூறு கிராம் ரெசினுக்குப் பத்து கிராம் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்), தராசில்தான் அளக்க வேண்டும். எப்பாக்ஸிக்குச் சாதாரண மேட் (நெய்யாமல் பசையால் ஒட்டிய கண்ணாடி இழை விரிப்பு) வேண்டாம், நெய்த துணி போடுங்கள். மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகப் போட்டது, எப்பாக்ஸியில் அது ஒழுங்காக இளகாது.

காலை பதினொன்றுக்கு முன் தொடங்குவதில்லை, மதியம் இரண்டுக்குள் பூச்சு முடிந்துவிடும். மூன்று மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறினால் எல்லாப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். பூசியதன்மேல் தார்ப்பாய் கட்டி, உள்ளே ஹாலஜன் விளக்கு எரியவிட்டோம். மறுநாள் எப்பாக்ஸிமேல் மெழுகு தடவியதுபோல வழவழப்பாக இருக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஹார்டனரிலிருந்து வரும் படலம் அது. வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் பிறகு உரிந்துவிடும்.

இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது திருகுத் துளைகள். தரை கெட்டது தண்ணீர் மேலே கொட்டியதால் அல்ல, துளை வழியாக இறங்கியதால். 8 மில்லிமீட்டர் போல்ட் வரும் இடத்தில் 14 மில்லிமீட்டர் துளை போட்டு, அடியில் டேப் ஒட்டி, எப்பாக்ஸியில் ஏரோசில் என்ற நுண்ணிய சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்கி நிரப்பினோம். இறுகிய பிறகு அதன் நடுவில் 8 மில்லிமீட்டர் துளை. இப்போது போல்ட் தொடுவது எப்பாக்ஸியை மட்டும்தான். எப்போதாவது சீல் போய்த் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. கயிறு கட்டும் கண் போல்ட்டுகள்தான் சறுக்குபவரைத் தண்ணீரிலிருந்து தூக்கும் நேரத்தில் மொத்தச் சுமையையும் தாங்குபவை. அவற்றுக்கு உள்பக்கம் அகலமான ஸ்டீல் தகடு வைத்தோம்.

ஃபோம் மறுபடி வேண்டுமா? கட்டாயம் வேண்டும். எடுத்து எறிந்துவிட்டு அப்படியே மூடிவிடுகிறவர்கள் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், குழந்தைகள் ஏறும் படகு. ஆனால் ஊற்றும் ஃபோம் குளிரில் சரியாகப் பொங்காது, வடிகாலையும் மறுபடி அடைத்துவிடும். குளிர்பதனக் கிடங்குச் சுவருக்கு வைக்கும் எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன் ஃபோம்) பலகைகளை அளவுக்கு வெட்டி, அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, பட்டை கட்டி நிறுத்தினோம். நீர் ஓடக் குறுக்குச் சட்டங்களில் பிவிசி குழாய்த் துண்டு பதித்தோம். இந்தப் பலகை எப்பாக்ஸியில் கரையாது, பாலியெஸ்டர் ரெசினில் கரைந்துபோகும். பெட்ரோலிலும் கரையும் என்பதால் டேங்க் அருகே அது கிடையாது, அங்கே பாலிஎத்திலீன் ஃபோம். எவ்வளவு வேண்டும் என்ற கணக்கும் சுலபம். ஃபைபர் ஓடு தண்ணீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் கனக்கும், பிளைவுட் தானே மிதக்கும், எஞ்சினுக்கு முக்கால் பங்கு என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. கூட்டி, ஆட்களுக்கும் சேர்த்து எடுங்கள். கொஞ்சம் ஃபோமைப் பக்கச் சுவர்களில் மேலே வைத்தால் நிறைந்த படகு குப்புறக் கவிழாது.

எஞ்சின் பற்றி ஒரே எச்சரிக்கை. கேத்தி 2,000 மீட்டருக்கு மேல். காற்று கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மெலிது. இங்கே கார்புரேட்டரைச் சரிசெய்து அப்படியே காயலில் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் வெந்துவிடும். ட்யூனிங் கீழே போய்த்தான்.

இனி, வருடங்கள் ஓடிய பிறகு நிலை. தரை எங்கும் அமுங்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் தரையில் பதித்த ஆய்வு மூடிகளைத் திறந்து, கையை விட்டுச் சட்டங்களைத் தடவிப் பார்க்கிறோம், உலர்வாக இருக்கின்றன. படகை வெளியே எடுத்து மூக்கை உயர்த்தினால் வடிகாலில் தண்ணீர் உடனே கொட்டி நின்றுவிடுகிறது, முன்பு விடிய விடியச் சொட்டும். எடை குறைந்தது குன்னூர் மலைப்பாதையில் டிரெய்லர் ஏற்றும்போதே தெரிகிறது, ஜீப் திணறுவதில்லை. சறுக்குபவரை இழுக்கும்போது மூக்கு சட்டென்று தணிந்து, படகு நீர்மேல் எழும்பிச் சமநிலைக்கு வருகிறது. சித்தப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு, “வாங்கின புதுசுல கூட இப்படி எழும்பல” என்றார்.

குறையும் உண்டு. தரையின் மேல்பூச்சு டிரைவர் சீட்டருகே மணல் பட்டுத் தேய்ந்து துணியின் நெசவு தெரிகிறது. எப்பாக்ஸி வெயில் தாங்காது என்பதால் அந்த இடத்துக்கு இந்த வருடமே பெயிண்ட் வேண்டும். கடையில் வாங்கிய ஆய்வு மூடிகளில் ஒன்றின் ரப்பர் வளையம் மலைக்குளிரில் விறைத்து வெடித்தது. மற்றவை நன்றாக இருந்தும் எல்லாவற்றுக்கும் சிலிக்கான் வளையம் வாங்கி வைத்திருக்கிறோம். தரைக்குக் கம்பளம் ஒட்டச் சொல்லி வீட்டில் கேட்கிறார்கள். கால் வழுக்காது, பார்க்க அழகுதான். ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் எதுவும் இந்தப் படகில் ஏற நான் விடமாட்டேன். மணல் தூவிய பெயிண்டே போதும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: 2021ஆம் ஆண்டு உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டப்படி இயந்திரப் படகுக்குப் பதிவு வேண்டும், பழைய உரிமையாளரின் தாள்களை முதலில் கேளுங்கள். பிறகு தரையில் ஒரு அங்குலத் துளை போட அனுமதி கேட்டு, அடியிலிருந்து ஃபோம் எடுத்துப் பிழிந்து பாருங்கள். துளை போட விடாதவரிடம் வாங்க வேண்டாம்.